அலமாரியில் இல்லாத பாட்டு

தோட்டத்துக்கு வானொலி வந்தது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. 1948 ஜூன் 16 காலை, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், பின் சூன் ஆகிய இரண்டு ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை முடியும்வரை அது நீங்கவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் தகவலும் போய்ச் சேராமலிருக்க, காட்டோரத்துச் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் பல இடங்களில் ஒன்றாகத் திரட்டி முள்வேலி போட்டார்கள். அந்த வேலிக்குள் அரசு அனுப்பியவற்றில் ஒன்று பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி. ஆளுக்கொன்று இல்லை, ஊர் கூடி நின்று கேட்பதற்கு ஒன்று. அவசரகாலத் தகவல் பணிக்குத் தலைமை ஏற்க 1950இல் பிபிசியிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். பத்தாண்டு கழித்து அவரே பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனார்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நிரையில் பால்மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா வாளி சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர், சரணடையும் கம்யூனிஸ்டுக்கு என்ன சலுகை என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பெட்டியின் முன்னால் போய் நிற்கமாட்டார். பாட்டு ஓடினால் நிற்பார். ஆக, பொது வானொலியில் பாட்டுக்கு முதலில் கிடைத்த உத்தியோகம் கூட்டம் சேர்ப்பது. இன்றைக்கும் பெரும்பாலான நிலையங்களில் அதே உத்தியோகம்தான். ஒரு விளம்பரத்துக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் நடுவில் ஆளை நகரவிடாமல் பிடித்துவைக்கிற வேலை. வணிக வானொலி அப்படி நடந்துகொள்வதில் குற்றமில்லை, அதன் பிழைப்பு அது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற வானொலி பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வேறு என்ன செய்யவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. எந்தப் பாட்டை ஒலிபரப்புவது என்ற இடத்தில் நாம் எப்போதும் சண்டை போடுகிறோம். எந்தப் பாட்டைப் பதிவு செய்து வைப்பது என்பதில்தான் விஷயம் முடிவாகிறது என்று எனக்குப் படுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போருக்குப் பின் 1946இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரேடியோ மலாயா தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு பிரிவு. 1959 ஜனவரியில் சிங்கப்பூர் தனியாகவும் கோலாலம்பூர் தனியாகவும் பிரிந்தன. 1963இல் ரேடியோ மலேசியா. தமிழ்ப் பிரிவு பின்னாளில் வானொலி ஆறு என்று வழங்கப்பட்டு, 2005இல் மின்னல் எஃப்எம் ஆயிற்று. தனியார் தரப்பில் அஸ்ட்ரோவின் ராகா வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டது. மின்னல் நாடு முழுமைக்குமான ஒரே தமிழ்ப் பொது அலைவரிசை. அது கோலாலம்பூரின் அங்காசாபுரியிலிருந்து வருகிறது. ஈப்போவிலிருந்து ஒலிக்கும் பேராக் எஃப்எம் பேசுவது மலாய். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 7 விழுக்காடு. பேராக்கில் விகிதம் அதைவிடக் கூடுதல். ஆனாலும் பேராக் தமிழனுக்குத் தன் ஊர்ச் சத்தம் தலைநகர் வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். இடையில் ஒரு வேடிக்கை. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு அதற்கு முன் தமிழ் வானொலியில் செய்தி வாசித்தவர். சுங்கை சிப்புட்டுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு துப்பாக்கியோடு நிற்கவில்லை.

நேயர் விருப்பத்துக்கு வருவோம். தமிழ் வானொலி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்த நிகழ்ச்சி உண்டு. அஞ்சலட்டையில் பாட்டின் பெயர், படத்தின் பெயர், பிறகு தன் பெயர், வீட்டார் பெயர், தோட்டத்தின் பெயர். அறிவிப்பாளர் வாயால் அந்தப் பெயர்களைக் கேட்பதில் இருந்த மகிழ்ச்சி பாட்டில் இருந்ததைவிடப் பெரிது. கிராணிக்கும் துரைக்கும் செக்ரோல் பதிவேட்டின் வெறும் எண்ணாக இருந்தவருடைய பெயர் நாடு முழுக்கக் கேட்டது. இதைவிட ஜனநாயகமான பாட்டுத் தேர்வு உண்டா என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் செய்தி, அறிவிப்புகள், பெயர்கள் போக மிஞ்சுவது நாற்பத்தைந்து நிமிடத்துக்குள். நான்கு நிமிடப் பாட்டு என்றால் பத்து, பதினொன்று. அந்தப் பத்தையும் நேயரே தேர்ந்தெடுக்கிறார், ஆனால் நிலையத்து அலமாரியில் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். தன் அம்மாயி தாலாட்டியதை எந்த நேயரும் எழுதிக் கேட்டதில்லை. அது தட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அலமாரியில் இருந்தது பெரும்பாலும் சென்னை. அதற்குச் சதி எதுவும் காரணமில்லை. சினிமாப் பாட்டு தயாராகத் தட்டில் வந்தது, நிலையம் ஸ்டுடியோவுக்கோ வாத்தியக்காரருக்கோ சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, கேட்பவருக்கும் பிடித்திருந்தது. அதோடு, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அந்த அளவுக்குள் அடங்க எழுதிப் பழகிய பாட்டு, வானொலிக் கடிகாரத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதை அதிகாரமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் பிரசித்தமான கதை ஒன்று இருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அதன் பங்கு வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் சினமுற்று உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கேட்பவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா, தமிழர்களுக்கு அறிவிப்பாளர் மயில்வாகனம். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசு தன் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை 1940 முதல் 1971 வரை தள்ளிவைத்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் பஜனையும் நாடகமும் நடத்திய வாத்தியம் நாட்டின் வானொலிக்கு ஆகாததாக இருந்தது.

கேஸ்கரை இப்படிக் கிண்டல் செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் சினிமாப் பாட்டை விலக்கியதால் உண்டான வெற்றிடத்தை நிரப்ப நிலையங்கள் தாமே மெல்லிசையைத் தயாரித்தன. கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் சம்பளத்துக்கு வைத்தன. ஊர்ப்புறப் பாடகர்களை ஒலிவாங்கி முன் உட்காரவைத்தன. இலங்கையிலும் ஈழத்து மெல்லிசை என்று தனியாக ஒன்று வளர்ந்தது வானொலி ஸ்டுடியோவில்தான். தடை தோற்றது, அதன் ஓரத்தில் நடந்த பதிவுகள் நிலைத்துவிட்டன.

பிரிட்டனில் இன்னும் விசித்திரமாக நடந்தது. இசைத்தட்டு நிறுவனங்களோடும் வாத்தியக்காரர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தட்டுப் போடக்கூடாது. 1988 வரை இந்தக் கட்டுப்பாடு இருந்தது. மீதி நேரத்தை என்ன செய்வது? பாடுகிறவர்களைக் கூப்பிட்டு ஸ்டுடியோவில் பாடவைத்தார்கள். ஜான் பீல் என்ற அறிவிப்பாளரின் நிகழ்ச்சிக்காக மட்டும் 1967 முதல் 2004 வரை 4,000க்கும் மேற்பட்ட பதிவுகள், அவற்றில் பெயர் தெரியாத பையன்கள் ஏராளம். அதற்கு முன்பு, 1952 தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள், பீட்டர் கென்னடியும் ஷேமஸ் என்னிஸும் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமம் கிராமமாகப் போய் பிபிசிக்காக நாட்டுப்பாடலையும் வட்டார வழக்கையும் பதிவு செய்தார்கள். எடின்பரோவுக்கும் டப்ளினுக்கும் இன்றைக்கு இருக்கிற பழம்பாட்டுச் சொத்தில் அந்தக் காலத்துச் சேகரிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. தட்டுப் போட முடியாத நெருக்கடி பிபிசிக்கு நல்லதாகவே முடிந்தது. நமக்கு அந்த நெருக்கடியே வரவில்லை. சென்னைத் தட்டு கப்பலில் வந்துகொண்டே இருந்தது.

தோட்டத்தில் அப்போது என்னதான் ஒலித்துக்கொண்டிருந்தது? திருவிழாவில் உறுமி மேளம், சாவில் தப்பு, லயத்து வாசலில் தாலாட்டும் கும்மியும், கள்ளுக்கடையில் தெம்மாங்கு. உறுமியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இடை சுருங்கிய இருமுகக் கருவி. ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிக்கிறார்கள், மற்றப் பக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் எழுகிற முனகல்தான் உறுமி. தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி போகும்போது கேட்டவர்களுக்குத் தெரியும், அடி மெதுவாகத் தொடங்கும், ஒரே நடையில் வெகுநேரம் சுற்றும், காவடிக்காரரின் முகத்தைப் பார்த்து மேளக்காரர் வேகத்தைக் கூட்டுவார், அருள் இறங்கினபின் விடமாட்டார். இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ, அளவை நிர்ணயிப்பது மேளக்காரர்கூட இல்லை, ஆடுகிறவர்.

இதை எப்படி வானொலியில் போடுவது? மூன்று நிமிடத்தில் வெட்டினால் இன்னும் சூடேறாத மேளம் மட்டும் கேட்கும். உச்சத்தை மட்டும் எடுத்துப் போட்டால் வெறும் இரைச்சல். சின்ன டிரான்சிஸ்டரின் ஒலிபெருக்கியில் அந்தக் கனத்த முனகல் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். காலையில் காபி குடிக்கிற வீட்டில் அருள் மேளம் கேட்டால் யாராவது ஆடத் தொடங்கிவிடுவார்களோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும் (சிரிக்க வேண்டாம், நியாயமான கவலை). இத்தனை காரணங்களும் உண்மையானவை. இவற்றில் ஒன்றுகூட ரசனை பற்றியது அல்ல. கடிகாரமும் கருவியும் முடிவு செய்ததை நாம் பின்னால் தரம் என்று பெயர் வைத்து அழைத்துக்கொண்டோம். உறுமி மேளத்தைக் குடிகாரச் சத்தம் என்று சொல்பவர்கள் ஈப்போவிலேயே இருக்கிறார்கள். தைப்பூசம் வந்தால் மேளக்குழுக்கள் சினிமா மெட்டு வாசிக்கிறார்கள் என்ற கண்டனமும் கூடவே வரும். பொதுவெளியில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே இசைப்பள்ளி எது என்று யாரும் கேட்பதில்லை.

வாய்ப்பாட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் நல்ல காலம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். ‘நாடு விட்டு நாடு’ எழுதிய முத்தம்மாள் பழனிசாமியும் தாம் கேட்ட நாட்டுப்புறப் பாடல்களை எழுதிவைத்தார். இலங்கை மலையகத்தில் அதே வேலையைச் செய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கப்பலேறி வந்தது, கங்காணி ஏமாற்றியது, பனியில் மரம் வெட்டப் போனது எல்லாம் அந்தப் புத்தகங்களில் வரிகளாக இருக்கின்றன. மெட்டு இல்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள், எந்த அடியில் கூட்டம் சேர்ந்து கொள்ளும், பாடுகிறவர் எங்கே சிரிப்பார் என்பது தாளில் ஏறாது. அதை ஏற்றக்கூடிய கருவி நாட்டில் ஒரே ஒரு தமிழ் நிறுவனத்திடம் இருந்தது. அது வானொலி.

வானொலி உள்ளூர் இசைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அபாண்டம். ரெ. சண்முகம் போன்ற பாடகர்களும் இசையமைப்பாளர்களும் உருவானது தமிழ் வானொலியின் நிழலில்தான். நாடகத்துக்கும் மெல்லிசைக்கும் அது கொடுத்த இடத்தை வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளூர் என்றால் என்ன என்ற கேள்வியில் எப்போதும் ஒரு சறுக்கல் இருந்தது. மலேசியாவில் பிறந்த வாசுதேவன் சென்னைக்குப் போய், 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்குப் பிறகு மலேசியா வாசுதேவனாகத் தட்டில் திரும்பி வந்தார். நம் பிள்ளையின் குரல் இறக்குமதிச் சரக்காக அலமாரிக்குள் ஏறிற்று. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை ராப் ஆக்கினபோது நேர்மாறாக, கோலாலம்பூர்ச் சத்தம் சென்னைக்கு ஏற்றுமதி ஆயிற்று. டார்க்கி நாகராஜா பாடியவையும் ஆரம்பத்தில் கேசட்டும் மேடையுமாகத்தான் பரவின.

உடனே உள்ளூர்ப் பாட்டுக்கு ஒதுக்கீடு வேண்டும் என்பார்கள். 2008இல் மலேசியக் கலைஞர் சங்கமான கார்யாவான், இந்தோனேசியப் பாட்டுகள் மலாய் வானொலிகளை நிறைத்துவிட்டன என்று சொல்லி 90 விழுக்காடு உள்ளூர்ப் பாட்டுக் கேட்டது. கனடா 1971இலேயே 30 விழுக்காடு என்று சட்டம் போட்டு, ஒரு தொழிலையே வளர்த்துக் காட்டியது. ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ் வானொலியில் அது மட்டும் வந்தால், சென்னைப் பாட்டைப் போலவே ஈப்போ ஸ்டுடியோவில் செய்த பாட்டு ஒலிக்கும். பாடகருக்கு நல்லது. புந்தோங்கின் சத்தம் அதனால் ஒரு நொடிகூடக் கூடப்போவதில்லை.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. சினிமாப் பாட்டு அந்நியம் என்று யார் சொன்னது? மூன்று தலைமுறை தோட்டத்து மக்கள் அந்தப் பாட்டில் காதலித்தார்கள், கல்யாணப் பந்தலில் போட்டார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். டி. எம். எஸ். குரல் சுங்கை சிப்புட் லயத்துக்கு எந்தத் தாலாட்டையும்விடக் குறைவான சொந்தமில்லை. இதை நான் முழுதாக ஏற்கிறேன். மாலை ஏழு மணிக்குப் பழைய பாட்டுக் கேட்கிற கிழவரிடமிருந்து அதைப் பிடுங்கி நாட்டாரியல் பாடம் நடத்துவது இன்னொரு கேஸ்கர் வேலை. ஆனால் அந்தப் பாட்டு எங்கும் போய்விடாது. ராகாவில் இருக்கிறது, யூடியூபில் இருக்கிறது, பேரன் கைப்பேசியில் இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பொது வானொலி தேவையில்லை.

தோட்டத்துப் பாட்டுக்கு ஆள் இல்லை, இடமும் இல்லாமல் போயிற்று. ஐம்பதுகளின் கடைசியிலிருந்தே ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடத் தொடங்கின. 1960இல் சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்கப் பார்த்தார். சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. 1985இல் ஈய விலை வீழ்ச்சி கிந்தா பள்ளத்தாக்கை உலுக்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்துக்காரர்கள் புந்தோங்குக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் கலைந்தார்கள். கோயில் கூடவே பெயர்ந்தது, பள்ளிக்கூடம் சில இடங்களில் பெயர்ந்தது. கும்மிக்கு ஒரு வாசல் வேண்டும். பன்னிரண்டாவது மாடியில் வாசல் கிடையாது. அந்தப் பாட்டுகளைத் தோட்டத்திலேயே கற்று, தோட்டத்திலேயே பாடியவர்கள் இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்கள்.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. முன்பு ஒலிப்பதிவுக்கு ஒரு வண்டியும் பொறியாளரும் தேவை. இப்போது சட்டைப்பையில் அடங்குகிற கருவி அதைவிடச் சுத்தமாகப் பதிவு செய்கிறது. ஒரு தயாரிப்பாளரை வாரத்துக்கு ஒருமுறை சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான், பாகான் டத்தோ என்று அனுப்பலாம். ஊருக்குப் போவதற்கு முன் கோயில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டால் யார் பாடுவார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பதிவு செய்ததற்குச் சீட்டு எழுதும்போதுதான் கவனம் வேண்டும். சினிமாத் தட்டில் எழுதியவர், இசைத்தவர், பாடியவர் மூவர் பெயரும் இருக்கும். நாட்டார் பாட்டென்றால் ‘மரபு’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது, பாடினால் என்ன கொடுப்பார்கள் என்பது வரை எழுதவேண்டும். பாடியவருக்குச் சன்மானமும் சினிமாப் பாடகருக்குச் சமமான மரியாதையும் வேண்டும். ஒலிபரப்பு நேரம் நள்ளிரவாக இருக்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம், கடிகாரத்துக்காக வெட்டாமல், உறுமியென்றால் உறுமி முழுதாக. கேட்டவர் எண்ணிக்கையை வைத்து மூன்று மாதத்தில் நிறுத்திவிடவும் கூடாது. நேயர் விருப்பத்திலும் அதைச் சேர்க்கலாம். அலமாரியில் வந்துவிட்டால் கேட்கிறவர் கேட்பார்.

எல்லாவற்றையும் ஒலிபரப்ப முடியாது என்பதும் உண்மைதான். கள்ளுக்கடைத் தெம்மாங்கில் பாதி, அரசு வானொலியின் தணிக்கையில் நிற்காது. கங்காணியைத் திட்டுகிற பாட்டில் சாதிப் பெயர் வரும், அந்தக் கங்காணியின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். ஒப்பாரி இன்னும் சிக்கல். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்பது வழக்கம். பாடச்சொன்னால் வயதான பெண்கள் வீட்டுக்கு வெளியே வந்து, ஆற்றோரமோ கோயில் தாண்டியோ உட்கார்ந்து பாடுவார்கள், சிலர் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுவார்கள். வானொலியோ எல்லா வீட்டுக்குள்ளும் சொல்லாமல் நுழைகிறது. மறுப்பவரை வற்புறுத்தக்கூடாது. பாட ஒத்துக்கொள்பவரிடம் வெளியில் வைத்துப் பதிவு செய்து, அவர் சொன்ன நிபந்தனையையும் சீட்டில் எழுதி, பெட்டியில் வைத்துவிடலாம். ஒலிபரப்பலாமா என்பதை அவர் குடும்பத்தாரோடு பேசிப் பத்து வருடம் கழித்துக்கூட முடிவு செய்துகொள்ளலாம். ஒலிபரப்புவதென்று முடிவானால், வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ள வசதியாக ஒரு நிமிடம் முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும்.